காலுக்கு அணியா, காலுக்குச் சுமையா?

‘காலணி’ என்னும் சொல்லைக் கேட்குந்தோறும் அதனைப் பிரித்துப் பொருள் காணும் ஆசை தமிழாசிரியனாகிய எனக்கு எழுவதுண்டு. காலுக்கு அணி காலணி. அணி என்பது உடலோடு ஒன்றி நிற்பது. அணிந்தோர்க்கு அழகும் நலமும் தருவது. சங்கச் சான்றோர் இதனைத் ‘தொடுதோல்’ என்றனர். ‘அரணம்’ என்றும் வழங்கினர். எதனால் ஆயது என்பதை முன்னைய பெயர் காட்டுகின்றது. எதற்காக ஆயது என்பதைப் பின்னைய பெயர் காட்டுகின்றது. அணியாகவும் அரணாகவும் அமைய வேண்டிய இப்பொருள், அணிந்தோர்க்குச் சுமையாகவும் அணிய இயலாதோர்க்குத் தடையாகவும் மாறிவிடுவதை மலை வழிகளில் நான் பல்லாண்டுகளாகக் கண்டு வருகின்றேன். மாணவச் செல்வங்களுக்கும் அவர்தம் பெற்றோர்க்கும் பயன்படும் என்னும் நம்பிக்கையில் நான் கண்டவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்க விழைகின்றேன்.

பாலாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் பகுதியில் கண்ணெடுத்துப் பார்க்கும் திசையில் ஏலகிரியும் சவ்வாது மலையும் நிற்கும். மூச்செடுத்து இழுக்கும் காற்றில் தோல் மணம் நிற்கும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று இவ்வாற்றின் கரைநெடுகத் தோல் தொழிலே பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுத் தோலைப் பதப்படுத்திய காலத்தைக் கண்ட முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். என் தாய்மாமன் காலணித் தொழிற்கூடம் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றியவர். காலின் வடிவில் செய்த அச்சுக்கட்டையைத் தொழிற்கூடத்தார் ‘லாஸ்ட்’ என்பர். அதனைக் கையிலேந்தி அவர் அடிக்கடி சொல்வார்: “காலைப் பார்த்துக் கட்டையைச் செதுக்க வேண்டும், தம்பி, கட்டையைப் பார்த்துக் காலைச் செதுக்கக் கூடாது.” எளிய தொழிலாளி ஒருவரின் இவ்வாசகத்தைவிடச் சிறந்த இலக்கணம் ஒன்றைக் காலணிக்கு நான் இதுகாறும் கண்டதில்லை.

ஆசிரியப் பணி ஏற்ற பின்னர், ஆண்டுதோறும் மாணவர்களை மலைநடைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. ஒவ்வோர் ஆண்டும் பெயர்ப் பட்டியலை எழுதத் தொடங்கியவுடன் எழும் முதல் வினா, “ஐயா, என்ன காலணி வாங்க வேண்டும்?” என்பதே. கணுக்காலுக்கு மேலே உயர்ந்து நிற்கும் கனத்த தோல் பூட்ஸே மலைக்கு உரியது என்பது அவர்தம் எண்ணம். படங்களில் பார்த்த மலையேறிகள் அவ்வாறே அணிந்திருந்தனர். கடைக்காரர்களும் அவ்வாறே சொல்லினர். ஓராண்டு, பட்டியலில் முதலில் பெயர் கொடுத்த மாணவன் ஒருவன் மறுநாள் வந்து பெயரை நீக்கிவிடுமாறு வேண்டினான். காரணம் கேட்டேன். “பூட்ஸ் இல்லை, ஐயா, அடுத்த ஆண்டு வருகின்றேன்” என்றான். அடுத்த ஆண்டு அவன் கல்லூரியில் இருக்கப் போவதில்லை. அஃது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் தந்தையார் தோல் தொழிற்கூடத்தில் தினக்கூலி பெறுபவர். உலகத்தார் கால்களுக்கெல்லாம் தோல் பதப்படுத்தும் ஊரில், காலணியின் பொருட்டு ஒரு மாணவன் மலையைக் காணாது நிற்பதா என்று என் உள்ளம் நொந்தது. உடற்பயிற்சி வகுப்புக்கு அவன் அணியும் கான்வாஸ் சப்பாத்தை எடுத்து வரச் சொன்னேன். அதன் அடிப்பகுதி தேயாமல் இருந்தது. காலுக்குச் செம்மையாகப் பொருந்தியும் இருந்தது. “இது போதும், வா” என்றேன். அவன் வந்தான், நடந்தான், மாலையில் முகாமுக்கு முதலில் வந்து சேர்ந்தோருள் அவனும் ஒருவன். நடைக்கு முந்திய நாள் வாங்கிய புத்தம்புதுப் பூட்ஸோடு வந்த மற்றொரு மாணவனோ, குதிகாலில் கொப்புளம் உடைந்து, பூட்ஸைத் தோளில் தொங்கவிட்டுக் கொண்டு வந்தான்.

இது தற்செயலாக நிகழ்ந்தது எனச் சிலர் கருதக்கூடும். எனவே, கணக்கிட்டுக் காண்போம். கனத்த தோல் பூட்ஸ் இணை ஒன்று ஏறத்தாழ 1,400 கிராம் நிறையுடையது எனக் கொள்வோம். மலைப்பாதையில் ஓடுவதற்கென்று செய்யப்படும் இலேசான காலணி இணை ஏறத்தாழ 600 கிராம் இருக்கும். ஒரு காலுக்கு வேறுபாடு 400 கிராம். ஒரு நாளில் 20 கிலோமீட்டர் நடப்பவர் ஏறக்குறைய 30,000 அடிகள் எடுத்து வைக்கின்றார். அதாவது ஒவ்வொரு காலையும் 15,000 முறை தூக்குகின்றார். 400 கிராமை 15,000 முறை தூக்கினால் 6,000 கிலோ. ஒரு காலுக்கு ஆறு டன்! முதுகில் சுமக்கும் பொருளை ஒரு முறை தூக்கி மாட்டிக்கொள்கின்றோம். காலில் சுமக்கும் பொருளையோ ஒவ்வோர் அடியிலும் புதிதாகத் தூக்குகின்றோம். வட்டிக்கு வட்டி கட்டும் கடன் போன்றது காலில் ஏறிய கனம்.

இதனை ஆய்வும் உறுதி செய்துள்ளது. 1969-ஆம் ஆண்டில் சூல், கோல்ட்மன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், தலையிலும் கையிலும் காலிலும் சுமை ஏற்றி நடக்கச் செய்து, உடல் செலவிடும் ஆற்றலை அளந்தனர். காலில் ஏற்றிய சுமைக்கு, உடலின் எடையில் அதே அளவு கூடியிருந்தால் ஆகும் செலவைவிட நான்கு முதல் ஆறு மடங்கு ஆற்றல் செலவாயிற்று. நடை விரைய விரைய அம்மடங்கும் ஏறியது. காலில் ஒரு பவுண்டு, முதுகில் ஐந்து பவுண்டுக்குச் சமம் என்று மலையேறிகள் நெடுநாளாகச் சொல்லி வந்த வழக்கு வெறும் பேச்சன்று என்பது இதனால் தெளிவாகின்றது.

வாழ்ந்து காட்டியோரும் உளர். 1955-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதை முழுவதையும் தனியொருவராய் நடந்து முடித்த எம்மா கேட்வுட் அம்மையார், அப்போது 67 வயது நிரம்பிய பாட்டியார். பதினொரு மக்களைப் பெற்றவர். மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்நெடுவழியில் அவர் காலில் இருந்தவை சாதாரணக் கான்வாஸ் சப்பாத்துகளே. தோளில் இருந்தது தாமே தைத்த துணிப்பை. சப்பாத்து கிழிந்தால் வேறொன்று வாங்கி நடையைத் தொடர்ந்தார். 1957-இல் மீண்டும் ஒருமுறை அதே வழியை நடந்து முடித்தார். மெக்சிகோவின் மலைப் பள்ளத்தாக்குகளில் வாழும் ராராமுரி மக்கள், பழைய டயரை வெட்டி வார் கோத்த செருப்போடு நெடுந்தொலைவு ஓடுபவர்கள். அவர்களுள் 55 வயதான விக்டோரியானோ சுரோ என்பவர், 1993-இல் அமெரிக்காவின் லெட்வில் நகரில் நடந்த நூறு மைல் மலையோட்டத்தில் அத்தகைய செருப்போடு ஓடி முதலிடம் பெற்றார். நம் ஊர்ச் சந்தையில் விற்ற டயர் செருப்பை ஏளனமாகப் பார்த்தவர்கள் இச்செய்தியைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

“கணுக்கால் பிசகினால் என்செய்வது? உயர்ந்த பூட்ஸ் தாங்கிக்கொள்ளுமன்றோ?” எனப் பெற்றோர் வினவுவர். நியாயமான கவலையே. ஆயினும், மென்மையான கழுத்துப் பட்டை கணுக்காலை இறுகப் பிடித்து நிறுத்திவிடும் என்பது மிகையான நம்பிக்கை. கூடைப்பந்து ஆடுவோரிடையே உயர்ந்த காலணியையும் தாழ்ந்த காலணியையும் ஒப்பிட்டு 1993-இல் வெளிவந்த ஆய்வொன்று, கணுக்கால் சுளுக்கில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே கண்டது. ஆடுகளம் வேறு, மலை வேறு என்பது உண்மை. எனினும், தரையைவிட்டு உயரத்தில் நிற்கும் தடித்த அடிப்பகுதி கல்லில் பட்டுச் சாயும்போது காலையும் உடன் சாய்க்கின்றது என்பதையும், தரையோடு ஒட்டி நிற்கும் காலணியில் பாதம் நிலத்தை உணர்ந்து தானே திருத்திக்கொள்கின்றது என்பதையும் நடந்து பார்த்தோர் அறிவர். கணுக்காலுக்கு உண்மையான அரண், பயிற்சியால் வலுப்பெற்ற தசையே. மலைநடைக்கு இரு மாதங்களுக்கு முன்பே படியேறியும் ஒற்றைக்காலில் நின்றும் பழகிய மாணவர்கள் தடுமாறுவது குறைவு.

இலேசானது என்பதனால் மெல்லியது என்று பொருள்கொள்ளலாகாது. இதனை நன்கு வற்புறுத்த விரும்புகின்றேன். நம் சவ்வாது மலைச் சரிவு முட்புதர்க் காடு. பாதையைவிட்டு விலகிய மறுகணமே முள் அடியைத் தேடி வரும். தாள்போன்ற அடிப்பகுதியுடைய ஓட்டக்காலணி அங்கே பயன்படாது. கட்டைவிரலால் அடிப்பகுதியை அழுத்திப் பாருங்கள்; கூரிய கல்லின் மீது நின்று பாருங்கள். கல் உறைக்க வேண்டும். ஆனால் வலிக்கக் கூடாது. விரல்களின் முன்னே ரப்பர்க் காப்பு இருத்தல் நன்று. காலணியின் முன்பகுதி, பாதம் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நடுப்பகுதியில் துணிபோல முறுகக் கூடாது.

அடிப்பகுதியின் பிடிமானமே உயிரைக் காப்பது. 1935-இல் இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில் தம் தோழர் அறுவரை இழந்த விட்டாலே பிரமானி என்னும் மலையேறி, பொருத்தமற்ற காலணியும் அத்துயருக்கு ஒரு காரணம் என உணர்ந்தார். ஆணியடித்த தோல் அடிக்கு மாற்றாக, ஆழ்ந்த பள்ளங்கள் வெட்டிய ரப்பர் அடியை 1937-இல் உருவாக்கினார். அவர் பெயரைச் சுருக்கி அமைத்ததே ‘விப்ரம்’ என்னும் பெயர். இன்று மலைக்காலணிகளில் நாம் காணும் கட்டம் கட்டமான அடிப்பகுதியெல்லாம் அவ்வழி வந்தவையே. சேற்றுக்கு ஆழ்ந்த, இடைவெளி மிக்க பள்ளங்கள் தேவை; ஈரப் பாறைக்கு மென்மையான ரப்பர் தேவை. மென்மையான ரப்பர் விரைவில் தேயும். கடினமானது நெடுநாள் உழைக்கும், ஆனால் நனைந்த பாறையில் வழுக்கும். எந்த நிலத்தில் நடக்கப் போகின்றோம் என்பதை முடிவு செய்த பின்னரே கடைக்குச் செல்ல வேண்டும்.

நிலத்தை அறிந்து அடி வைக்கும் இவ்வறிவு நமக்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு மலைவழி காட்டும் ஆற்றுப்படை. அச்செங்கண்மா இன்றைய செங்கம். சவ்வாது மலையின் அடிவாரத்து ஊர். பாறையை மூடிய பாசி அடியை வழுக்கச் செய்யும் இடங்கள் உண்டென்று புலவர் எச்சரிக்கின்றார். அங்கே வழியோரத்து மூங்கிலையும் நாணலையும் பற்றிக்கொண்டு கடந்து செல்லுமாறு அறிவுறுத்துகின்றார். காட்டுப்பன்றிக்கு வைத்த பொறிகளையும் குழிகளில் உறையும் பாம்புகளையும் பற்றிச் சொல்லத் தவறவில்லை. முன்னே நடந்தவன் பின்னே வருபவனுக்கு வழி சொல்வதே ஆற்றுப்படை என்றால், மலைநடைக்கு அதனினும் பழைய கையேடு தமிழில் வேண்டுமோ? காலணி எத்துணைச் சிறந்ததாயினும் ஈரப் பாசியின்மீது அதனை மட்டும் நம்பலாகாது. கையில் ஒரு கோல் வேண்டும் என்பதே நான் அதிலிருந்து மாணவர்க்கு எடுத்துரைக்கும் பாடம்.

அடுத்து, நீர். நீர் புகாத காலணி என்று கூடுதல் விலைக்கு விற்பனவற்றின் மீது பலர்க்கு ஆசை. பனி படர்ந்த புல்லில் சிறிது தொலைவு நடப்போர்க்கு அது நன்மை தரும். ஆனால் முழங்கால் அளவு ஓடையைக் கடக்கும்போது நீர் மேல்வாய் வழியாக உள்ளே புகும். புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். வலைத்துணியால் ஆன இலேசான காலணியோ நனையும். நடக்க நடக்க நீரைப் பிதுக்கி வெளியேற்றி விரைவில் உலரும். நம் நாட்டின் வெப்பத்துக்கும் மழைக்கும் இதுவே ஏற்றது. ஈரத்திலேயே நெடுநேரம் ஊறிய பாதம் வெளுத்துச் சுருங்கிப் புண்படும். ஆதலால் இரவில் அணிவதற்கென்று உலர்ந்த காலுறை ஓரிணையைப் பையில் பொதிந்து வைத்தல் கட்டாயம். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். மெல்லிய கம்பளியோ செயற்கை இழையோ நன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளுக்குச் செல்வோர், அட்டை ஏறாதிருக்க முழங்கால் வரை இழுத்துக் கட்டும் நெருக்கமான துணியுறையையும் அணிய வேண்டும்.

வாங்கும் முறையையும் சொல்லிவிடுகின்றேன். மாலை வேளையில் கடைக்குச் செல்லுங்கள். பகலெல்லாம் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அவ்வாறே வீங்கும். மலைக்கு அணியும் அதே காலுறையோடு போட்டுப் பாருங்கள். இரு பாதங்களும் ஒரே அளவாக இருப்பதில்லை; பெரிய பாதத்துக்கே அளவெடுங்கள். நீண்ட விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லையேல் இறக்கத்தில் விரல்கள் முட்டி நகம் கறுத்துவிடும். குதிகால் மேலெழும்பக் கூடாது. விரல்கள் நெருக்குண்ணவும் கூடாது. சாய்தளத்தில் ஏறியிறங்கிப் பாருங்கள். ஏற்றத்தில் கயிற்றைச் சற்றே தளர்த்தியும், இறக்கத்தில் கணுக்காலருகே இறுக்கியும் கட்டப் பழகுங்கள். வாங்கிய காலணியை ஊரிலேயே சில வாரங்கள் அணிந்து நடங்கள். வழியில் ஓரிடம் சூடாக உறுத்தத் தொடங்கினால், கொப்புளமாகும் வரை பொறுத்திராமல் உடனே நின்று ஒட்டுப்பட்டை ஒட்டுங்கள். பொறுமை சிறந்த பண்புதான். கொப்புளத்தினிடம் மட்டும் அது வேண்டா.

பழைய காலணியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. அண்ணன் அணிந்த பூட்ஸ் ஐந்தாறு ஆண்டுகளாக அலமாரியில் புதிதுபோல இருக்கின்றது என்று எடுத்து வருவோர் உண்டு. பல பூட்ஸ்களின் இடையடி பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆனது. காற்றின் ஈரம் அதனைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும்; அணியாமல் வைத்திருந்தாலும் சிதையும். வெளியே பளபளக்கும் காலணி, மலை நடுவே அடிப்பகுதி பொடிந்து கழன்று விழும். புறப்படுமுன் வளைத்துப் பாருங்கள். வெடிப்போ பொடியோ கண்டால் தவிர்த்துவிடுங்கள். இலேசான காலணிக்கும் குறையுண்டு. அது நெடுநாள் உழைக்காது. எண்ணூறு கிலோமீட்டருக்குள் பெரும்பாலானவை தளர்ந்துவிடும்.

எல்லாவிடத்தும் இலேசான காலணியே போதும் என்று நான் வாதிடவில்லை. பனிமலைக்கும், பனிக்கட்டியில் இரும்புப் பற்கள் பூட்டி நடப்பதற்கும், உறைகுளிருக்கும் உறுதியான பூட்ஸே வேண்டும். முதுகில் பெருஞ்சுமை ஏற்றிச் செல்வோர்க்கும், முன்பே கணுக்கால் அடிபட்டோர்க்கும் அதுவே ஏற்றதாகலாம். நிலமும் சுமையும் உடலும் ஆகிய மூன்றையும் நோக்கியே முடிவு செய்தல் வேண்டும். பாதையைவிட்டு விலகி நடப்பதற்கு, காலணிக்கும் மேலாக, வனத்துறையின் இசைவும் அம்மலையை அறிந்த வழிகாட்டியும் இன்றியமையாதவை. 2018 மார்ச் மாதத்தில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட துயரத்தை நாம் மறத்தல் ஆகாது. காடு நம் வீட்டு முற்றமன்று.

தோலால் வாழும் ஊரில் பிறந்தவன் துணிக்காலணியைப் புகழ்வதா எனப் பெரியோர் சிலர் என்னை அன்போடு கடிந்துகொண்டதுண்டு. தோலின் பெருமையை நான் குறைக்கவில்லை. காலின் வடிவத்துக்கு இசைந்து கொடுக்கும் இயல்பில் தோலுக்கு நிகர் தோலே. ஆயினும் நனைந்தால் கனக்கும், மெல்லவே உலரும் என்பதும் அதன் இயல்பே. உலகச் சந்தை தோலல்லாத காலணிகளையும் பெரிதும் விரும்புகின்றது. தமிழ்நாட்டரசும் 2022-இல் காலணிக்கும் தோல் பொருள்களுக்கும் எனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. தோலைத் தைத்த கை, துணியையும் தைக்கும். எப்பொருளால் செய்தாலும் காலை அறிந்து செய்யும் கைத்திறன் நம்மவர்க்கு உண்டு. அத்திறனை நம் மலைகளுக்கும் நம் மாணவர்களுக்கும் ஏற்ற, விலை குறைந்த, இலேசான, உறுதியான காலணியைச் செய்வதற்கும் பயன்படுத்தினால் என்ன? தொழில் நடத்தும் பெரியோர் இவ்வேண்டுகோளைச் சிந்திக்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே! மலை எவரையும் விலைச்சீட்டுக் கேட்டு உள்ளே விடுவதில்லை. சவ்வாது மலையில் நமக்கு வழிகாட்டியாக வரும் மலைவாழ் பெரியவர்கள் சாதாரணச் செருப்போடு, நாம் மூச்சிரைக்க ஏறும் சரிவில் பேசிக்கொண்டே ஏறுகின்றனர். அவர்தம் பாதம் இளமை முதல் அம்மண்ணைப் படித்த பாதம். நமக்கு அப்படிப்பு இல்லை. எனவே காலணியின் துணை வேண்டும். துணை என்பது நம்மைத் தாங்குவது. நாம் தாங்குவது அன்று. விலையையும் பகட்டையும் ஒதுக்கி, நிலத்தையும் நும் பாதத்தையும் அறிந்து, போதுமான அளவுக்கு மட்டும் காலில் ஏற்றுங்கள். உங்களுள் வசதி படைத்தோர் இதனை மனத்தில் இருத்துங்கள்: உங்கள் தோழன் காலில் கிடப்பது பழைய கான்வாஸ் சப்பாத்தாயினும், அது பொருந்தி, பிடித்து, தாங்குமாயின், அவனும் உங்களோடு உச்சிக்கு வரத் தக்கவனே.